முந்திய மூலை

உங்கள் வீட்டில் பழைய மேஜை ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதில் ஓர் இழுப்பறையும் இருக்கும். பாங்கிச் சாவியோ ரேஷன் கார்டோ அவசரமாக வேண்டியிருக்கும் நாளாகப் பார்த்து, அந்த இழுப்பறை கோணிக்கொண்டு பாதியில் நின்றிருக்கும். நீங்கள் இழுத்திருப்பீர்கள், ஆட்டியிருப்பீர்கள், ஒரு காலை மேஜையில் ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுத்திருப்பீர்கள். கைப்பிடி மட்டும் கையோடு வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் உங்கள் வீட்டு அம்மாள் அடுப்பங்கரையிலிருந்து வந்து, "கொஞ்சம் நகர்ந்துக்குங்க" என்று சொல்லி, இழுப்பறையை உள்ளே லேசாக ஒரு தட்டுத் தட்டி, இரண்டு ஓரங்களையும் இரண்டு கையால் பிடித்து மெல்ல இழுத்திருப்பார். இத்தனை நேரம் உங்களிடம் முரண்டு பிடித்த இழுப்பறை சாதுவாக வெளியே வந்திருக்கும். உங்களுக்குக் கோபமும் வந்திருக்கும்.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குச் சென்ற மாசி மாதம்தான் விளங்கிற்று. அதுவும் எழுபத்திரண்டாவது வயதில், அடையாற்றில், இரவு பதினோரு மணிக்கு, சினிமாக்காரர்களின் வண்டி ஒன்றுக்குப் பக்கத்தில் இஞ்சு டேப்பும் கையுமாக நின்றபோது!

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1955-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பண்டித நேரு திறந்து வைத்த தொழிற்சாலை அது. ஆரம்பத்தில் ஸ்விட்ஜர்லாந்துக் கம்பெனி ஒன்றின் உதவியோடு பெட்டியின் வெறும் கூட்டை மட்டும் செய்து வந்தார்கள். 1962-ல் ஆசனம், கதவு, ஜன்னல், விளக்கு, விசிறி எல்லாம் பொருத்துகிற பிரிவும் ஏற்பட்டது. நான் சேர்ந்தது அந்தப் பிரிவில். கதவுகளும் ஜன்னல்களும்தான் என் ஜீவனம்.

பழைய ரயில் பெட்டியின் ஜன்னல் ஷட்டரை நீங்கள் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கினால் அது சாய்ந்துகொண்டு அசைய மாட்டேன் என்று நிற்கும். இரண்டு மூலைகளையும் சேர்த்துத் தூக்கினால் சுலபமாக மேலே போகும். நீங்கள் திட்டிய ஷட்டர்களில் சில நான் பொருத்தியவையாகக்கூட இருக்கலாம். மன்னித்துவிடுங்கள்.

எனக்கு ஒரே ஒரு தம்பி. பாங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் தகப்பனார் விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதை இடித்து அடுக்கு மாடி கட்டுவதற்கு ஒரு கட்டடக்காரர் வந்தார். என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம்; பணம் வேண்டும். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தம்பியோ ஆறு மாதம் ஆகியும் போடவில்லை. "யோசிக்கணும், யோசிக்கணும்" என்றான். நான் பார்க்கிறவர்களிடமெல்லாம், "கூடப் பிறந்தவனே முட்டுக்கட்டை போடுகிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டான். தன் பங்குக்குப் பணமாக வாங்கிக்கொண்டு தியாகராய நகர்ப் பக்கம் குடி போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருஷம்! ஒரே ஊர், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், நடுவே மூன்று மைல்கூட இராது.

ஆனால் அவன் பிள்ளை மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் என்னிடம் வந்து போவான். அந்தப் பிள்ளைதான் இந்தக் கதைக்குக் காரணம். அவன் சினிமாப் படப்பிடிப்புக்குக் 'கேரவன்' வாடகைக்கு விடுகிறான்.

கேரவன் என்பது என்ன? முன்பெல்லாம் நடிகர்களுக்கு ஸ்டூடியோவுக்குள்ளேயே மேக்கப் அறை இருந்தது. 1940-ல் மவுண்ட் ரோடில் வாசன் அவர்கள் ஆரம்பித்த ஜெமினியானாலும் சரி, 1948-ல் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த ஏவி.எம். ஆனாலும் சரி, வீடு, தெரு, காடு எல்லாவற்றையும் ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டி எடுத்தார்கள். 1977-ல் வந்த '16 வயதினிலே' போன்ற படங்களுக்குப் பிறகு காமிரா கிராமத்துக்கும் நிஜமான தெருவுக்கும் இறங்கிவிட்டது. காமிரா போன இடத்துக்கு மேக்கப் அறையும் போக வேண்டாமா? அதற்குச் சக்கரம் முளைத்தது. அதுதான் கேரவன். குளிர்சாதனம், கண்ணாடி, சோபா, கட்டில், குளியலறை எல்லாம் அடங்கிய ஒரு பெரிய வண்டி.

என் தம்பி பிள்ளையின் வண்டியில் இன்னும் ஓர் அதிசயம். வண்டி நின்ற பிறகு ஒரு பொத்தானை அமுக்கினால், பக்கச் சுவரில் பத்தடி நீளத்துக்கு ஒரு பகுதி, சோபாவோடும் ஜன்னலோடும், தீப்பெட்டியின் உள்கூடு மாதிரி வெளியே நகர்ந்து வரும். உள்ளே இடம் கூடும். கிளம்பும்போது மறுபடியும் பொத்தான். கூடு உள்ளே போய்விடும். அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் வைத்திருக்கும் வீட்டு வண்டிகளில் 1990-ல் நியூமார் என்ற கம்பெனி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிறகு அங்கே இது சர்வ சாதாரணமாகிவிட்டது. அதைப் பார்த்து இங்கே ஒரு பட்டறையில் இவனுக்குச் செய்து கொடுத்தார்கள். தம்பி தன் ஓய்வுப் பணத்தில் பாதியை இதில் போட்டிருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மாசி மாதம் ஓர் இரவு ஒன்பது மணிக்கு டெலிபோன்.

"பெரியப்பா! ஒரு உபகாரம் செய்யணும். ரூம் கோணிக்கிட்டு நடுவிலே நின்னுடுச்சு. வெளியேயும் வரலை, உள்ளேயும் போகலை. காந்தி நகர்லே தெருவை அடைச்சுக்கிட்டு நிக்குது. பத்து மணிக்குள்ளே காலி பண்ணணும்."

"எனக்கு ரயில்தானேடா தெரியும்?"

"இதுவும் பெட்டிதானே, பெரியப்பா!"

இந்தப் பதிலுக்கு மேல் என்ன சொல்வது? பழைய பையைத் தூசி தட்டினேன். ரசமட்டம், இஞ்சு டேப், சாக்குக் கட்டி, வோல்ட் மீட்டர், ஒரு துண்டு உப்புத்தாள், திருப்புளி. ஆட்டோவில் மந்தைவெளி தாண்டி, திரு. வி. க. பாலத்தைக் கடந்து போய் இறங்கினேன்.

அங்கே ஒரு சின்னத் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. குறுகலான தெரு. வண்டியின் வயிற்றிலிருந்து அறை ஓரடிக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. எதிர் வீட்டுக்காரர் குடும்பத்தோடு எழும்பூருக்கு ரயிலேறப் போக வேண்டும். காரை வெளியே எடுக்க வழியில்லை. கதாநாயகி வாடகைக் காரில் போய்விட்டார். தயாரிப்பு நிர்வாகி மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யூனிட்டைச் சேர்ந்த எலெக்ட்ரீஷியன், "மோட்டார் போச்சு சார், வெளிநாட்டிலேருந்துதான் வரவழைக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைத்திருந்தார். லைட் தூக்கும் இளைஞர்கள் நாலு பேர் அறையின் பின் மூலையில் தோள் கொடுத்து, "ஏலேலோ ஐலசா" பாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓரத்தில் செய்யாற்றுப் பக்கத்துப் பையன் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், அழாத குறையாக நின்றான். வண்டியின் பொத்தான்கள் அவன் பொறுப்பு.

"எல்லாம் இவன் பண்ணினது, பெரியப்பா. கண்டபடி அமுக்கியிருக்கான். ரிப்பேர்ச் செலவை இவன் சம்பளத்திலேதான் பிடிக்கப் போறேன்" என்றான் தம்பி மகன்.

"முதலில் அந்த ஐலசாவை நிறுத்து" என்றேன்.

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் யந்திர சாஸ்திரம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், இழுப்பறை சாஸ்திரம்தான். அகலமான ஒரு பெட்டியை நடுவில் தள்ளாமல் ஓரத்தில் தள்ளினால் அது நேராகப் போகாமல் திரும்பப் பார்க்கும். திரும்பும்போது எதிரெதிர் மூலைகள் சுவரில் ஊன்றிக்கொள்ளும். ஊன்றிய இடத்தில் உராய்வு. இன்னும் பலமாகத் தள்ளினால் மூலைகள் இன்னும் பலமாக ஊன்றும். உராய்வும் அதே கணக்கில் ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஓரமாகப் போய்விட்டால், பீமசேனனே வந்து தள்ளினாலும் பெட்டி அசையாது, எதாவது உடையும். பலத்தினால் வந்த இறுக்கத்தைப் பலத்தினால் தீர்க்க முடியாது.

இந்த வண்டியில் அறையின் முன்பக்கத்துக்கு ஒரு மோட்டார், பின்பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒவ்வொரு மோட்டாரும் செங்குத்தான ஒரு தண்டைச் சுற்றுகிறது. தண்டின் மேலும் கீழும் பல் சக்கரங்கள். அவை அறையின் பக்கவாட்டில் பதித்த பல் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு அறையை நகர்த்துகின்றன. இரண்டு மோட்டார்களும் தனித் தனி, ஒன்றையொன்று அறியா. நடுவில் ஒரு சின்ன மின்னணு மூளை உட்கார்ந்துகொண்டு, இது எத்தனை சுற்று, அது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகிற வரையில் சரி. வித்தியாசம் அதிகமானால், 'இனிமேல் என்னால் ஆகாது' என்று நிறுத்திவிடுகிறது.

நான் முதலில் பார்த்தது தரையை. ரசமட்டத்தை வண்டியின் தளத்தில் வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடிற்று. பின் சக்கரம் ஒன்று சாக்கடை மூடியின் பள்ளத்தில் இறங்கியிருந்தது. வண்டி முறுக்கிக்கொண்டால் அறை வருகிற வாசலும் முறுக்கிக்கொள்ளாதா? ஜாக்கி வைத்துத் தூக்கி, பலகை கொடுத்து நிமிர்த்தினோம்.

அடுத்தாற்போல் மின்சாரம். பையனைக் கூப்பிட்டு, பொத்தானை ஒரு விநாடி மட்டும் அமுக்கச் சொன்னேன். பன்னிரண்டு வோல்ட் மோட்டார்கள் அவை. முன் மோட்டாருக்கு 11.8 வோல்ட் வந்தது. பின் மோட்டாருக்கு வந்தது 9. சும்மா இருக்கும்போது இரண்டும் ஒரே அளவு காட்டும். வேலை செய்யச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். (மனிதர்களிலும் இப்படி உண்டு.) கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். பின் மோட்டாரின் எர்த் கம்பி வண்டிச் சட்டத்தில் சேருகிற இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

"எங்கேயாவது கடற்கரையிலே நிறுத்தினீங்களா?"

"முட்டுக்காட்டிலே பதினைந்து நாள் ஷூட்டிங், தாத்தா" என்றான் பையன்.

உப்புக் காற்று! மரையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று ஆக்கித் திரும்ப முடுக்கினேன். உப்பு செய்த வினையை உப்புத்தாள் தீர்த்தது. மறுபடி அளந்தேன், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் அதை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

ஆனால் ஒரு மோட்டார் இளைத்திருந்தால் அறை கொஞ்சம்தானே கோண வேண்டும்? இவ்வளவு கோணல் ஏன்? பையனைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"தாத்தா, ரெண்டு மாசமா ரூமை முழுசா வெளியே எடுக்கிறதே இல்லை. பாதிதான் எடுப்பேன். தெருவிலே இடம் இல்லைன்னா பாதியோட நிறுத்துன்னு முதலாளிதான் சொன்னார். இன்னைக்கும் அந்த வேப்ப மரம் இடிக்குமேன்னு..."

விஷயம் விளங்கிவிட்டது. இந்த மாதிரி அறை கடைசி வரை வெளியே போய் முட்டி நிற்க வேண்டும். கடைசி வரை உள்ளே வந்தும் முட்டி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் எல்லையைத் தொடுகிற போதுதான் பழைய வித்தியாசம் அழிந்து கணக்குச் சமமாகும். பாதி போய்ப் பாதி வந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு தடவையும் ஏற்பட்ட நூலளவு வித்தியாசம் அடுத்த தடவையோடு கூடிக்கொண்டே போகும். ரிப்பேர்ச் செலவு யார் சம்பளத்தில் பிடிக்கப்பட வேண்டியது என்பதை உங்கள் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

இப்போது முழுக்க வெளியே விட்டுச் சரி செய்யலாமென்றால் வேப்ப மரம் குறுக்கே நிற்கிறது. கையால்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அளந்து பார்த்தேன். முன் மூலை வண்டிச் சுவரிலிருந்து 11 அங்குலம் வெளியே. பின் மூலை 13½ அங்குலம். அதாவது முன் மூலை இரண்டரை அங்குலம் முந்தி உள்ளே போயிருந்தது. போன வேகத்தில் வாசல் ஓரத்து ரப்பரையும் சுருட்டி விழுங்கிக்கொண்டு, ஆப்பு அடித்தாற்போல் இறுகியிருந்தது. பின்னாலிருந்து தள்ளத் தள்ள அந்த ஆப்புத்தான் இறுகும்.

இரண்டு மோட்டார்களின் திருகாணியையும் கழற்றி, பல்லின் பிடியிலிருந்து மேலே தூக்கிவிட்டேன். பிறகு சொன்னேன்: "நாலு பேரும் வண்டிக்குள்ளே போங்க. முன் மூலையை வெளியே தள்ளுங்க."

தெருவே என்னைப் பார்த்தது.

"சார்! ரூம் உள்ளே போகணும் சார்" என்றார் நிர்வாகி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

"தெரியும். பிந்தியவனைத் தள்ளிப் பிரயோஜனமில்லை. முந்தியவன் முதலில் திரும்பி வரணும்."

இந்தச் சமயத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினான் என் தம்பி.

தலை முழுக்க நரைத்திருந்தது. போட்ட பணம் நடுத்தெருவில் நிற்கிறதென்று கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இரண்டு பேருமாக வேப்ப மரத்தைப் பார்த்தோம்.

வேலையோ நின்றுகொண்டிருக்கிறது. அறையின் முன் மூலையில் நான் டேப் பிடித்து அளவு சொல்ல வேண்டும். பத்தடிக்கு அப்பால் பின் மூலையில் இன்னொருவர் அளவு சொல்ல வேண்டும். எண் தப்பாமல், 'கிட்டத்தட்ட' என்று சொல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் வேண்டும். தம்பி மகன் என்னையும் பார்த்தான். அவன் அப்பாவையும் பார்த்தான். பேசாமல் இன்னொரு டேப்பைக் கொண்டுபோய் அப்பா கையில் கொடுத்தான். அவனும் பேசாமல் வாங்கிக்கொண்டான். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிய கை அல்லவா? டேப்பை வண்டிச் சுவரில் பதித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தான்.

உள்ளே இருந்தவர்கள் முன் மூலையை மெதுவாகத் தள்ளினார்கள். 'சர்க்' என்று ஒரு சத்தம். விழுங்கின ரப்பரை அறை கக்கிவிட்டது. பன்னிரண்டு... பதின்மூன்று...

"பதிமூணரை!" என்றேன்.

"பதிமூணரை" என்றான் தம்பி.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் தம்பி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, வாசகர்களே, 'பதிமூணரை'!

"இடுக்கில் யாரும் கையை வைக்காதீங்க!" என்று எச்சரித்துவிட்டு, வெளியிலிருந்து மூலைக்கு இரண்டு பேராக நிறுத்தினேன். ஓர் அங்குலம் தள்ளுவது, நிற்பது, அளவு சொல்வது. பாட்டுக் கிடையாது, எண் மட்டும்.

"பன்னிரண்டு." "பன்னிரண்டு."

"பதினொண்ணு." "பதினொண்ணு."

சற்று முன்னால் நாலு பேர் தோளுக்கு அசையாத அறை, இப்போது நாலு உள்ளங்கைக்கு நகர்ந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பத்து, ஒன்பது, எட்டு... என் பக்கத்துப் பையன்களைக் கொஞ்சம் துரிதப்படுத்தினேன்.

"ஏழு!" என்றேன்.

பதில் வரவில்லை. அப்புறம் வந்தது.

"நில்லு! நான் இன்னும் எட்டிலேதான் இருக்கேன். நீ முந்திட்டே, அண்ணா."

அவன் சொன்னது அறையைத்தான். அதில் சந்தேகமில்லை. பாங்கிக்காரனுக்குச் சிலேடை வராது. ஆனாலும் டேப்பைப் பிடித்திருந்த என் கை ஒரு விநாடி நடுங்கிற்று. ஆறு மாதம் அவன் கையெழுத்துப் போடாமல் இருந்ததை ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்கு முன்னால் அவனை ஒரு வார்த்தை கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டதை யாரிடமாவது ஒரு தடவை சொல்லியிருப்பேனா? அந்த வீட்டின் பின்கட்டில்தான் அவன் குழந்தைகள் பிறந்தன. அம்மா கண்ணை மூடியதும் அங்கேதான், அவன் மடியில். அதை விட்டு வர ஆறு மாதம் அதிகமா? அவன் பிந்தவில்லை. நான் முந்தினேன். முந்திப் போய் இறுகிக்கொண்டு, பின்னால் இருப்பவனை 'நகரு, நகரு' என்று தள்ளியிருக்கிறேன்.

"நிக்கிறேன்டா. நீ வா" என்றேன்.

"ஏழரை... ஏழு. வந்துட்டேன்" என்றான்.

பிறகு ஒரு தடங்கலும் இல்லை. மணி பதினொன்றே முக்காலுக்கு அறை உள்ளே போய், நாலு ஓரமும் சமமாக அமர்ந்தது. மோட்டார்கள் பிடியில் இல்லாததால் வழியில் தானாக நகர்ந்துவிடாமல் இருக்க, உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தோம். எதிர் வீட்டுக்காரர்களின் ரயில் போய்விட்டது. அது ஒன்றுதான் குறை. அவர்களுக்கு மறுநாள் டிக்கெட் வாங்கிக் கொடுப்பதாகத் தம்பி மகன் ஒப்புக்கொண்டான்.

பையன் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான். தம்பி தன் டம்ளரை ஊதிக்கொண்டே மகனிடம் கேட்டான்: "பாதியோட நிறுத்தச் சொன்னது யாரு?"

தம்பி மகன் பதில் சொல்லவில்லை.

"பையன் சம்பளத்திலே கை வைக்காதே" என்றான். அவ்வளவுதான். பையன் எனக்கு இன்னொரு டீ கொடுத்தான்.

மறுநாள் தரமணிப் பக்கம் திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, மோட்டார்களைப் பல்லில் இறக்கி, அறையைக் கடைசி வரை வெளியே விட்டோம். முட்டி நின்ற பிறகும், மோட்டார்கள் தாமாக ஓயும் வரை பொத்தானை விடவில்லை. அதே மாதிரி உள்ளே. நாலைந்து தடவை இப்படிச் செய்ததும் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிட்டன. இப்போது அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில், பையன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறான்: 'பாதியில் நிறுத்தாதே.'

பங்குனி மாதம் வந்தது. கபாலீசுவரர் கோயில் உற்சவத்தில் ஏழாம் நாள் தேர். காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் தம்பி நின்றான், கையில் ஒரு சீப்புப் பழத்தோடு.

"தேர் பார்க்கலாம்னு வந்தேன்" என்றான், ஒவ்வொரு வருஷமும் வருகிறவன் போல.

மாட வீதியில் இருவரும் நின்றோம். வடத்தை நூற்றுக்கணக்கான பேர் பிடித்திருந்தார்கள். சிறு வயதில் நாங்கள் வடத்தைத் தொடத்தான் அடித்துக்கொள்வோம். இந்த வருஷம் என் கண் வேறிடத்தில் இருந்தது. தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கையில் சப்பையான மரக் கட்டைகளோடு சிலர் குனிந்தபடி கூடவே போகிறார்கள். ஒரு பக்கம் முந்திக்கொண்டு தேர் வீட்டுத் திண்ணைப் பக்கம் ஒதுங்கப் பார்த்தால், அந்தப் பக்கத்துச் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுக்கிறார்கள். முந்தின பக்கம் தயங்குகிறது, மற்றப் பக்கம் வந்து சேர்கிறது, தேர் நேராகிறது. வீதி திரும்புவதும் அப்படித்தான். ஓட்டம் மிஞ்சினால் நிறுத்துவதும் அப்படித்தான். இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்தச் சிலர் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வந்து சேராது.

அந்தக் கட்டைக்குப் பெயர் உங்களுக்குத் தெரியும். முட்டுக்கட்டை.

ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்த வார்த்தை! தம்பியிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

உங்கள் வீட்டு இழுப்பறை இனிமேல் கோணிக்கொண்டால், நின்றுபோன பக்கத்தைக் குத்தாதீர்கள். எந்தப் பக்கம் முந்தியிருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் கை பிடித்திருக்கிற பக்கமாகவே இருக்கலாம். வெட்கப்படாமல் ஓர் அங்குலம் திரும்பி வாருங்கள். அப்புறம் சேர்ந்து இழுக்கலாம்.

தேர் எங்களைத் தாண்டிப் போயிற்று. கூட்டம் கலைந்து நகர ஆரம்பித்தது.

"போகலாமா, அண்ணா?" என்றான் தம்பி.

"நீ நட. கூடவே வரேன்" என்றேன்.